கிழம் என்று சொன்னது யார்?

விழுப்புரத்தில் பஸ் ஏறிக் கெடாரைத் தாண்டினால், வேட்டவலம் வருவதற்கு முன்னால் எங்கள் கண்டாச்சிபுரம் வந்துவிடும். 2019இல் மாவட்டத்தைப் பிரித்தபோது திருக்கோவிலூர் கள்ளக்குறிச்சியோடு போயிற்று; நாங்கள் விழுப்புரத்தோடு நின்றுவிட்டோம். ஊரில் தாலுகா ஆபீஸ் இருக்கிறது. தாலுகா ஆபீஸ் உள்ள ஊரில் மனு எழுதுகிறவர்களுக்கு எக்காலத்திலும் பிழைப்பு உண்டு. முன்பெல்லாம் மரத்தடியில் ஒரு மேஜையும் ஒரு டைப்ரைட்டரும் இருந்தால் போதும். இப்போது ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு கைரேகைக் கருவி, நாலு பிளாஸ்டிக் நாற்காலி வேண்டும். என் தம்பி மகள் அப்படி ஒரு கடை வைத்திருக்கிறாள். வருமானச் சான்று, சாதிச் சான்று, பட்டா மாறுதல், நடுநடுவே ஒரு காதணி விழாப் பத்திரிகை. அதில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது.

2025 அக்டோபரில், தீபாவளிக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கையில், அவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள்.

“பெரியப்பா, கம்ப்யூட்டருக்குப் பிராசஸர் மாத்தணுமாம். டவுன்ல கடைக்காரர் சொல்லிட்டாரு.”

“என்ன கேடு அதுக்கு?”

“ரொம்பப் பழசாயிடுச்சாம். காலையில போட்டா எழுந்திரிக்கவே நாலு நிமிஷம் ஆவுது. பட்டா சைட்டத் தொறந்தா அப்படியே நின்னுடுது. ஜனங்க நாற்காலியில உக்காந்து என் மூஞ்சியவே பாக்கறாங்க. அம்மா கம்மல பேங்க்ல வெச்சுடலாம்னு இருக்கேன்.”

எவ்வளவு என்று கேட்டேன். 38,000 ரூபாய் என்றாள்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். கம்ப்யூட்டரில் கதை எழுதுகிறேன் என்பதற்காக எனக்குக் கம்ப்யூட்டர் சாஸ்திரமே தெரியும் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு மூடநம்பிக்கை. எனினும் ஒரு பிராசஸரை மாற்ற எதற்காக 38,000 ரூபாய் என்ற சந்தேகம் எழுவதற்குச் சாஸ்திரம் தெரிய வேண்டியதில்லை. அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். பிராசஸர் என்று தொடங்கி மதர்போர்டு, மெமரி, பவர் சப்ளை, பெட்டி என்று கீழே கீழே இறங்கிக்கொண்டே போயிற்று.

கோவணத்தை எலி கடிக்கிறதென்று பூனை வளர்த்த சாமியார் கதை உங்களுக்குத் தெரியும். பூனைக்குப் பாலுக்காகப் பசு, பசுவை மேய்க்க ஓர் ஆள், ஆளுக்குச் சோறு போட ஒரு பெண்டாட்டி. பிராசஸர் மாற்றுவது இன்றைக்கு அந்தக் கோவணத்தின் கதைதான். இவளுடையது 2017இல் வந்த ஏழாவது ஜெனரேஷன் ஐ3-7100. அது உட்காரும் சாக்கெட்டுக்கு எல்.ஜி.ஏ. 1151 என்று பெயர். அதில் உள்ள தொடுமுனைகளின் எண்ணிக்கை அது. அதே 2017 அக்டோபரில் எட்டாவது ஜெனரேஷன் வந்தது. அதற்கும் சாக்கெட் எல்.ஜி.ஏ. 1151தான். அதே எண், அதே அளவு. ஆனால் பழைய போர்டில் புதியதை வைத்தால் இயங்காது. மின்சாரம் செல்லும் முனைகளின் ஒழுங்கை மாற்றிவிட்டோம் என்று இன்டெல் சொல்லிற்று. பொழுதுபோக்குக்காக இதையே நோண்டிக்கொண்டிருக்கும் சில பிடிவாதக்காரர்கள் இரண்டொரு முனைகளை ஒட்டுத்தாளால் மறைத்து, பயாஸையும் திருத்தி, பழைய போர்டிலேயே புதிய பிராசஸரை ஓட்டிக் காட்டினார்கள் என்பது வேறு விஷயம். நமக்கு அந்த வித்தை வேண்டாம். பூட்டு ஒரே மாதிரி இருக்கும், சாவியும் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் திறக்காது என்றால் வாங்குகிறவன் என்ன செய்வான்? கதவையே மாற்றுவான்.

மாட்டுச் சந்தைக்குப் போய் வந்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். தரகர் மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார். இரண்டு பல், நாலு பல், ஆறு பல் என்று வயதைச் சொல்வார். பிறகு துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். விற்க வந்தவனிடம் “கிழம்” என்பார். அரை மணி கழித்து அதே மாட்டை வாங்க வருகிறவனிடம் “இப்பத்தானே நாலு பல்லு” என்பார். விவரம் தெரிந்த குடியானவன் பல்லைத் தரகரிடம் விட்டுவிட்டு, மாட்டை ஏரில் பூட்டி நாலு சால் ஓட்டிப் பார்ப்பான்.

ஏழாவது ஜெனரேஷன், எட்டாவது ஜெனரேஷன் என்பதெல்லாம் பல் எண்ணுகிற சமாசாரம். எண்ணுகிறவர் விற்கிறவர். ஆகவே நான் தம்பி மகளோடு அவள் கடைக்குப் போய் மாட்டை ஏரில் பூட்டினேன்.

இதற்குப் பெரிய வித்தை ஒன்றும் தேவையில்லை. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் என்று ஒரு ஜன்னல் திறக்கும். எந்த உறுப்பு எவ்வளவு உழைக்கிறது என்பதை அது நூற்றுக்கு இவ்வளவு என்று காட்டும். பட்டாவுக்கு ஒரு பெரியவர் வந்திருந்தார். அவருடைய வேலையையே தொடங்கச் சொன்னேன். கம்ப்யூட்டர் வழக்கம்போல் திணறி நின்றது. அந்த ஜன்னலில் பிராசஸருக்கு நேரே 17 என்று போட்டிருந்தது. ஹார்ட் டிஸ்குக்கு நேரே 100. அது இறங்கவே இல்லை.

அதாவது, கிழம் என்று பட்டம் கட்டப்பட்ட பிராசஸர் ஐந்தில் ஒரு பங்கு வேலைகூட இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தது! கல்யாண வீட்டில் கை தேர்ந்த சமையற்காரர் கரண்டியோடு நிற்கிறார். உப்பு வாங்க அடுத்த தெருவுக்குப் போன பையன் இன்னும் வரவில்லை. பந்தி தாமதமானதற்குச் சமையற்காரரை மாற்று என்கிறார் ஊர்ப் பெரிய மனிதர். ஹார்ட் டிஸ்க் என்பது ஒரு தட்டு சுழல, ஒரு முள் நகர்ந்து, எழுதியதைத் தேடிப் படிக்கிற பழைய கிராமபோன் ஜாதி. எங்கோ ஒரு மூலையில் கிடக்கும் ஒரு துண்டுச் செய்தியை எடுக்க அதற்குச் சுமார் ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு பிடிக்கும். அற்ப நேரம் என்று தோன்றலாம். விநாடிக்கு 390 கோடி முறை துடிக்கிற பிராசஸர் அந்த அற்ப நேரத்தில் 3 கோடியே 90 லட்சம் துடிப்பு துடித்துவிடும். தட்டும் முள்ளும் இல்லாத எஸ்.எஸ்.டி. அதே துண்டைச் சுமார் நூறு மடங்கு சீக்கிரம் கொடுத்துவிடுகிறது.

எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்கினோம். இவளிடம் 4 ஜி.பி. மெமரிதான் இருந்தது. இன்னொரு 4 ஜி.பி. துண்டைப் பிரித்துப் போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்தோம். (ஏ.ஐ. கம்பெனிகள் உலகத்து மெமரிச் சில்லுகளையெல்லாம் வாரிக்கொண்டு போக, புதிதின் விலை அந்தச் சமயம்தான் ஏறத் தொடங்கியிருந்தது. அமெரிக்காவில் யாரோ கேள்வி கேட்கக் கண்டாச்சிபுரத்தில் மெமரி விலை ஏறுகிறது!) உள்ளே சமாதியாகிக் கிடந்த தூசியையும் ஒரு பல்லியின் எலும்புக்கூட்டையும் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டினோம். ஆன செலவு 4,000 ரூபாய்க்குள். நாலு நிமிஷத்தில் எழுந்தது அரை நிமிஷத்துக்குள் எழுந்தது. பட்டாப் பெரியவர் மறுநாள் வந்து, “புது மெசினாம்மா?” என்று கேட்டார்.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். ஒரு கடைக்காரரோடு சண்டை போட இவ்வளவு காகிதம் எதற்கு? அவர் பாவம், மேலே இருந்து வந்த தாக்கீதைத்தான் படித்தார். “அண்ணே, வேகத்த விடுங்க. அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10 முடிஞ்சுது. விண்டோஸ் 11 இந்தப் பிராசஸர்ல ஏறாது. அதுக்கு இன்னா சொல்றீங்க?” என்று டெலிபோனில் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்ல வேண்டியவர் அவரல்லர், தாக்கீது போட்டவர்.

2021இல் மைக்ரோஸாப்ட் விண்டோஸ் 11ஐ அறிவித்தபோது கூடவே ஒரு ஜாபிதாவையும் வெளியிட்டது. இன்டெல்லில் எட்டாவது ஜெனரேஷனும் அதற்கு மேலும் உள்ளே வரலாம். ஏழாவதும் அதற்குக் கீழும் வாசலில் நிற்க வேண்டும். நாலே வருஷத்துக்கு முன் விற்ற சரக்கு! ஏன் என்று கேட்டதற்குப் பாதுகாப்பு என்றார்கள். பாதுகாப்பு வேண்டாம் என்று யார் சொன்னது? என் தம்பி மகளின் கம்ப்யூட்டர் வழியாக ஊர் ஜனங்களின் ஆதார் எண்ணும் கைரேகையும் போகின்றன. பாதுகாப்பில் அவளுக்கு இருக்கிற அக்கறை அந்தக் கம்பெனிக்குக்கூட இருக்காது. ஆனால் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் வேண்டும் என்றால், அதைச் செய்யும் ஏற்பாடு இன்டெல்லின் ஆறாவது, ஏழாவது ஜெனரேஷன்களுக்குள்ளேயே உண்டு; பெரும்பாலான போர்டுகளில் பயாஸுக்குள் போய் அதைத் திறந்துவிட வேண்டும், அவ்வளவே. கெர்னலுக்குள் களவு நுழையாமல் காவல் காக்கும் எம்.பி.இ.சி. என்ற வசதியும் ஏழாவது ஜெனரேஷனிலேயே வந்துவிட்டது. அந்தக் கம்பெனியின் சொந்த ஆவணங்களே அதைச் சொல்கின்றன. கேட்ட நகையெல்லாம் போட்டுக்கொண்டு வந்த மணப்பெண்ணை, ஜாதகத்தில் ஓர் எண் குறைகிறதென்று திருப்பி அனுப்பினால் அந்தச் சம்பந்திக்கு என்ன பெயர்?

இன்னொரு காரணமும் சொன்னார்கள். தகுதி பெறாத கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் 11 போட்டுப் பார்த்ததில், கெர்னல் மட்டத்தில் படுத்துவிடுவது நூற்றுக்கு 52 அதிகமாக இருந்ததாம். கேட்டவுடன் அச்சமாக இருக்கிறது. ஆனால் தகுதி பெற்றவற்றில் 99.8 சதவீதம் படுக்காமல் ஓடின என்பதும் அவர்களே சொன்ன கணக்கு. அதாவது ஆயிரத்துக்கு இரண்டு படுக்கின்றன. இரண்டோடு அதன் பாதியைச் சேர்த்தால் மூன்று. இரண்டு கணக்கும் ஒரே முறையில் எடுக்கப்பட்டவை என்று வைத்துக்கொண்டாலும், ஆயிரத்தில் அந்த ஒன்றுக்காகத்தான் கம்மல் பேங்குக்குப் போக வேண்டுமா?

எல்லாவற்றையும்விட என் ரத்தத்தைக் கொதிக்க வைத்தது வேறு. அதே 2021 ஆகஸ்டில் ஏழாவது ஜெனரேஷனில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றை மட்டும் உள்ளே அனுமதித்தார்கள். அவற்றில் ஒன்று ஐ7-7820எச்.க்யூ. அது எதில் இருக்கிறது தெரியுமா? மைக்ரோஸாப்டே செய்து விற்ற ஸர்ஃபேஸ் ஸ்டூடியோ 2 என்ற விலையுயர்ந்த கம்ப்யூட்டரில்! தன் வீட்டுக் கிழ மாட்டுக்குப் பல் முளைத்துவிட்டது. ஊரார் மாடுகள் மட்டும் அடிமாட்டு லாரியில் ஏற வேண்டும்.

கனாலிஸ் என்ற சந்தை ஆராய்ச்சி நிறுவனம் 2023 டிசம்பரில் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. விண்டோஸ் 10இன் ஆதரவு நிற்பதால் சுமார் 24 கோடி கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகக்கூடும் என்றது. பழுதாகிப் போகிறவை அல்ல; பல் பார்த்துக் கழிக்கப்படுகிறவை. நம் தேசத்தில் மின்னணுக் கழிவுக்கென்று 2022இல் புதிய விதிகள் செய்து 2023 ஏப்ரல் முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். விதிகள் குப்பையை எப்படி அள்ள வேண்டும் என்கின்றன. நன்றாக ஓடுகிற ஒன்றைக் குப்பை என்று அறிவிக்க யாருக்கு அதிகாரம் என்பதைப் பற்றியல்லவா முதலில் ஒரு விதி வேண்டும்?

‘ஐயா பழமைவாதி, பிராசஸரையே மாற்றக் கூடாது என்கிறார்’ என்று சில இளைஞர்கள் இதற்குள் முடிவு கட்டியிருப்பார்கள். அப்படி நான் சொல்லவில்லை. திண்டிவனத்தில் என் அக்கா மகன் கல்யாண வீடியோ எடுத்துத் தொகுத்துக் கொடுக்கிறான். அவனும் அதே ஏர்ச் சோதனையைச் செய்து பார்த்தான். ஒரு முகூர்த்தக் காட்சியை வெளியே எடுக்கும்போது அவனுடைய ரைசன் 3 1200 பிராசஸர் நூற்றுக்கு நூறில் முட்டி நின்றது. டிஸ்க் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. “மாமா, ஒரு கல்யாணம் முடியறதுக்குள்ள அடுத்த முகூர்த்தம் வந்துடுது” என்றான். அவன் தாராளமாக மாற்ற வேண்டியவன். மாற்றினான். நாலு கோர் இருந்த இடத்தில் ஆறு கோரும் பன்னிரண்டு இழைகளும் உள்ள ரைசன் 5 5600ஐ வைத்தான். 2017இல் வாங்கிய அதே போர்டு, அதே மெமரி, அதே பெட்டி. பயாஸை மட்டும் புதுப்பித்தான்.

அது எப்படி அவனுக்கு மட்டும் கைகூடிற்று? 2016இல் கொண்டுவந்த ஏ.எம்.4 என்ற சாக்கெட்டையே ஏ.எம்.டி. பல தலைமுறைகளுக்கு வைத்துக்கொண்டது. 2024இல்கூட அதற்குப் புதுப் பிராசஸர் வெளியிட்டது. அவர்களும் பரமாத்மாக்கள் அல்லர். முதல் வரிசைப் போர்டுகளில் 5000 வரிசை ஏறாது என்றுதான் முதலில் சொன்னார்கள். வாங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. போட்டிக் கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. 2022இல் ஏறும் என்றார்கள். இடையில் அந்தப் போர்டில் ஓர் ஆணிகூட மாறவில்லை. முடியாது என்று கம்பெனி சொன்னால், அதில் எவ்வளவு இயற்பியல், எவ்வளவு வியாபாரம் என்று பிரித்துக் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட ருசு எதற்கு?

ஒரு காலத்தில் பிராசஸர் மாற்றுவதில் அர்த்தம் இருந்தது. 386 போய் 486 வந்தது, 1993இல் பென்டியம் வந்தது என்றால், முந்தியதில் ஆகாத வேலை பிந்தியதில் ஆயிற்று. இரண்டு வருஷத்தில் சில்லில் உள்ள டிரான்ஸிஸ்டர்கள் இரட்டிக்கும் என்று கார்டன் மூர் 1975இல் சொன்னது ஜனங்களின் ரத்தத்தில் ஊறிப் போயிற்று. ஆனால் துடிப்பின் வேகம் ஏறிக்கொண்டே போனது ஒரு கட்டத்தில் நின்றது. சூடு தாங்காமல் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4ஐ இன்டெல் 2004இல் கைவிட்டது. அதற்குப் பிறகு கோர்களைக் கூட்டினார்கள், மின்சாரத்தைக் குறைத்தார்கள், ஒரு துடிப்பில் செய்யும் வேலையையும் கூட்டினார்கள். மெச்ச வேண்டியதுதான். ஆனால் வருமானச் சான்று விண்ணப்பத்துக்கு அதில் எதுவும் உறைக்காது. நம் மனசு மட்டும் இன்னும் 1993லேயே இருக்கிறது. பக்கத்து வீட்டில் புதியது வந்தால் நம் வீட்டில் இருப்பது மெதுவாக ஓடத் தொடங்குகிறது. கம்பெனிகளைத் திட்டும்போது இந்த நம்முடைய வியாதியையும் ஒரு வார்த்தை திட்டிவிடுவதுதான் நேர்மை.

அக்கா மகனைப் பார்க்கத் திண்டிவனம் போகும்போதெல்லாம் அங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் ஞாபகத்துக்கு வரும். டி.எம்.வி. 2 என்ற நிலக்கடலை ரகம் அங்கிருந்து வெளிவந்தது 1940இல். அதற்குப் பிறகு எத்தனையோ புது ரகங்களை அதே நிலையம் கொடுத்துவிட்டது. ஆயினும் டி.எம்.வி. 2 பல பத்தாண்டுகள் இந்தியாவின் பல மாநிலங்களில் விதைக்கப்பட்டு வந்தது. இனிமேல் அது முளைக்காது என்று எந்த விஞ்ஞானியும் விவசாயியின் மடியிலிருந்த விதையைப் பூட்டவில்லை. மாற்றுவதா வேண்டாமா என்பதை மானாவாரி நிலத்தையும் மழையையும் பார்த்து அவரவரே தீர்மானித்தார்கள்.

சரி, விண்டோஸ் 10 கதி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வாசல் வழியாக வராதே என்றால் ஜன்னல் வழியாக ஏற்றிவிட வழி சொல்கிறவர்கள் உண்டு. தகுதிச் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11 போடலாம். ஆனால் பின்னால் அப்டேட் வருமா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஊராரின் கைரேகை வந்து போகிற கடையில் அந்த விளையாட்டு கூடாது என்று நான் தடுத்துவிட்டேன். லினக்ஸ் என் எழுத்து வேலைக்குப் பரம சௌக்கியம். தமிழ் 99 விசைப்பலகையோடு இந்தக் கட்டுரையே அதில்தான் அடிக்கப்படுகிறது. அவளுக்கோ விண்டோஸில் ஓடும் கைரேகைக் கருவியும், பழைய எழுத்துருக்களில் பேஜ்மேக்கரில் செய்து வைத்த பத்திரிகைகளும் இருக்கின்றன. அதையும் இதையும் விட்டு வா என்று உபதேசம் செய்ய எனக்கு வாய் உண்டு. அவளுக்கு வயிறு உண்டு.

எஞ்சிய வழி அந்தக் கம்பெனியே அதிகமாக விளம்பரப்படுத்தாமல் வைத்திருந்த வழி. தனி மனிதர்களின் விண்டோஸ் 10 கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கொடுப்பதாக அறிவித்திருந்தார்கள். 30 டாலர் கட்டலாம். அல்லது மைக்ரோஸாப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்குகளை அங்கே சேமிக்கச் சம்மதித்தால் காசில்லாமலே கிடைக்கும். அந்தச் சம்மதத்துக்கு விலை இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். எனினும் கம்மலைவிட அது சுலபம். பத்து நிமிஷத்தில் பதிவு செய்தோம். டவுன் கடைக்காரர் இந்த வழியைச் சொல்லவில்லையே என்று அவளுக்கு வருத்தம். அவருக்கே தெரிந்திருக்காது என்று நான் சமாதானம் சொன்னேன். அது சமாதானம்தான், நம்பிச் சொன்னதல்ல.

அந்தத் தவணைக்குப் பிறகு அவள் புதிதாக ஒன்று வாங்கத்தான் வேண்டியிருக்கும். வாங்கட்டும். தினம் மாலை கடையை மூடும்போது இருபதும் முப்பதுமாக ஒரு பிஸ்கட் டப்பாவில் போடத் தொடங்கிவிட்டாள். சாக்கெட் எத்தனை வருஷம் நிலைக்கும் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லி அடுத்த கடைக்காரரைக் கேட்கப் போகிறாளாம். எழுதிக் கொடுப்பாரா என்பது சந்தேகம்.

சென்ற வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் போனேன். கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்கை விண்ணப்பங்கள் பறக்காமல் இருக்கக் காகிதத்தின் மேல் வைத்திருந்தாள். நாற்காலிகளில் மூன்று பேர் இருந்தார்கள். “உக்காருங்க பெரியப்பா, இவங்க கைரேக மட்டும் வெச்சுட்டு வந்துடறேன்” என்றாள். காதில் கம்மலோடு அவள் அம்மா டீ கொண்டுவந்தாள்.